பாதுகாப்பு ஓட்டைகளை வரிசைப்படுத்துதல்

ஒரு நிறுவனத்தின் கணினிகளிலும் மென்பொருள்களிலும் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தானியங்கிக் கருவிகளால் கண்டறிந்து, எதை இன்றே அடைப்பது, எதை அடுத்த மாதத்துக்கு விடுவது என்று முடிவெடுக்கும் பணி. 2024-இல் மட்டும் உலகப் பொதுப் பட்டியலில் ஏறத்தாழ 40,000 புதிய ஓட்டைகள் பதிவாயின. சராசரியாக நாளொன்றுக்கு நூறுக்கும் மேல். ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் ஒன்றைப் போடுவதென்றால் பல வேளைகளில் சர்வரை நிறுத்த வேண்டும், போட்ட பிறகு அதன்மேல் ஓடும் மென்பொருள்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அத்தனை ஓட்டைக்கும் இதைச் செய்ய எந்த நிறுவனத்திடமும் ஆளில்லை. அதனால் கண்டுபிடிப்பதைவிட வரிசைப்படுத்துவதே இங்கு பெரிய வேலை.

ஸ்கேனர்கள்

1995 ஏப்ரலில் டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும் 'சேட்டன்' என்ற ஸ்கேனரை இலவசமாக வெளியிட்டார்கள். திருடர்களுக்கும் அது கைகொடுக்கும் என்ற அச்சம் அப்போது பெரிதாக எழுந்தது. 1998-இல் ரெனோ டெரேசனின் 'நெசஸ்' வந்தது. இவ்வகைக் கருவிகள் ஒவ்வொரு கணினியின் இணைப்பு வாயில்களான போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும். எது திறந்திருக்கிறது, அங்கே பதில் சொல்வது எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு என்று கேட்டறிந்து, தெரிந்த ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடும்.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் தவறு நேரும். டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதற்குள் சேர்த்துவிடும். ஓட்டை அடைபட்டிருக்கும், எண் மாறியிருக்காது. வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனர் ஓட்டை இருப்பதாக அறிவிக்கும். கணினிக்குள் லாகின் செய்து, நிறுவப்பட்ட தொகுப்புகளை நேரடியாகப் படிக்கும் ஸ்கேனே நம்பத்தக்கது.

தொடக்கத்தில் ஒரே ஓட்டைக்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. 1999-இல் அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 321 பதிவுகளோடு தொடங்கிய சிவிஇ என்ற பொதுப் பட்டியல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. இன்று ஓட்டை எங்கே கண்டுபிடிக்கப்பட்டாலும் ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட ஒரே அடையாளத்தால் வழங்குகிறது.

மதிப்பெண்

சிவிஎஸ்எஸ் என்ற மதிப்பெண் முறை 2005-இல் வந்தது. இப்போதைய 4.0 பதிப்பு 2023 நவம்பரில் வெளியானது. இணையம் வழியே தாக்க முடியுமா, லாகின் தேவையா, ரகசியம் கசியுமா, தரவை மாற்ற முடியுமா, சேவையை முடக்க முடியுமா என்ற கேள்விகளுக்கான விடைகளிலிருந்து 0 முதல் 10 வரை ஓர் எண் பிறக்கும். பல அலுவலகங்கள் அந்த எண்ணை இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து பேட்ச் போடுகின்றன. இது தவறான பழக்கம். அந்த எண் ஓட்டையின் கடுமையை அளக்கிறது; அது நம்மிடம் எங்கே இருக்கிறது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அளக்கவில்லை.

2014 ஏப்ரல் 7-ஆம் தேதி வெளியான 'ஹார்ட்பிளீட்' ஓட்டை இதற்குச் சரியான சான்று. இணையத்தளங்களின் மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு செய்தி உண்டு. "இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு" என்று ஒரு முனை கேட்கும்; மறுமுனை அப்படியே திருப்பி அனுப்பும். ஓரெழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வர் சரிபார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பியது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், தளத்தின் ரகசியச் சாவியே இருக்கலாம். அன்றைய சிவிஎஸ்எஸ் பதிப்பு இதற்குக் கொடுத்த மதிப்பெண் 5.0, அதாவது 'நடுத்தரம்'. ரகசியம் பகுதியளவே கசிகிறது, வேறெதுவும் மாறவில்லை என்பது கணக்கு. விதிப்படி கணக்கில் பிழையில்லை. கசியும் தரவு எத்தகையது என்பதை அவரவர் எடைபோட வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஓட்டைத் தரவுத்தளம் அந்தப் பதிவில் தனிக் குறிப்பே சேர்க்க வேண்டியதாயிற்று.

தாக்குதல் நடக்குமா?

2009 முதல் 2018 வரை வெளியான சுமார் 76,000 ஓட்டைகளை ஆராய்ந்தபோது, உண்மையான தாக்குதலில் பயன்பட்டவை ஏறத்தாழ 5.5 விழுக்காடுதான் என்று தெரிந்தது. அந்த ஆய்வாளர்களின் தொடர்முயற்சியில் பிறந்ததே ஈபிஎஸ்எஸ் என்ற கணிப்பு முறை. அடுத்த 30 நாள்களில் ஓர் ஓட்டையைத் தாக்கப் பயன்படுத்துவார்களா என்ற நிகழ்தகவை இயந்திரக் கற்றல் மூலம் தினமும் கணிக்கிறது. இது ஊகம். அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா 2021 நவம்பரில் ஏறத்தாழ 290 பதிவுகளோடு தொடங்கிய கேஇவி பட்டியல் ஊகமல்ல. தாக்குதல் நடந்ததாக உறுதியானவை மட்டுமே அதில் இடம்பெறும். அமெரிக்கக் கூட்டாட்சி அலுவலகங்கள் பட்டியலில் குறித்த கெடுவுக்குள் அவற்றை அடைத்தாக வேண்டும். ஆள்பலம் குறைந்த அலுவலகம் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் கேஇவி, அடுத்து ஈபிஎஸ்எஸ், அதன் பிறகே சிவிஎஸ்எஸ் என்பதே தக்க விடை. எண்ணே வேண்டாமென்று, கேள்வி கேள்வியாகக் கேட்டு முடிவுக்கு வரும் எஸ்எஸ்விசி என்ற முறையும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2019-இல் முன்வைத்தது.

கருவி காணாதது

வரிசை சரியாக இருந்தும் பயனில்லாமல் போகலாம். 2017 மார்ச் 7-ஆம் தேதி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் மிகக் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் இரண்டே நாளில், 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடும்படி நானூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. முன்னுரிமையில் குறையே இல்லை. ஆனால் தங்கள் இணையவாயிலில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த நிரலாளர் அந்த மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. மார்ச் 15-ஆம் தேதி ஸ்கேனரை ஓட்டினார்கள். அது மேல்நிலைக் கோப்புறையைத் தேடியது. ஸ்ட்ரட்ஸ் அதற்குள்ளிருந்த துணைக் கோப்புறையில் கிடந்தது. ஓட்டை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. எந்தச் சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுமையான இருப்புப் பட்டியலும் அவர்களிடம் இல்லை.

மே 13-ஆம் தேதி ஹேக்கர்கள் அந்த வாயில் வழியே உள்ளே வந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. வெளியேறும் தரவைக் கண்காணிக்க ஒரு கருவி அங்கே இருக்கத்தான் செய்தது; அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் படிக்க முடியாமல் கிடந்தது. ஜூலை 29-ஆம் தேதி சான்றிதழைப் புதுப்பித்தார்கள். திருட்டு அன்றே கண்ணில் பட்டது.