லூத்தரன் சபைக்கு ஏன் புனிதர் பெயர்?

புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளக் கூடாது என்பது லூத்தரன் கொள்கை. ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிராங்கன்முத் ஊர் லூத்தரன் சபையின் பெயர் 'செயின்ட் லோரென்ஸ்'! இது எப்படி?

லோரென்ஸ் என்பது லாரன்ஸின் ஜெர்மன் வடிவம். ரோமாபுரியில் டீக்கனாக இருந்தவர். பேரரசன் வலேரியன் காலத்தில், கி.பி. 258ல் இரத்தசாட்சியாக மரித்தார். சபையின் சொத்தைக் கேட்ட அதிகாரி முன் ஏழைகளைக் கூட்டிவந்து, 'இவர்களே எங்கள் சொத்து' என்றாராம். இரும்புச் சட்டத்தில் கிடத்தி நெருப்பில் சுட்டார்கள் என்பது மரபு. அன்றைய வழக்கப்படி தலையை வெட்டியிருப்பார்கள் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

1845ல் ஃபிராங்கன்முத்தை உருவாக்கியவர்கள் பவேரியாவிலிருந்து வந்த ஃபிராங்கோனியர்கள். சிப்பெவா பழங்குடியினருக்கு நற்செய்தி சொல்ல, போதகர் வில்ஹெல்ம் லோஹெ அனுப்பிய சிறு குழு. பலரும் ரோஸ்டால் வட்டாரத்தார். அந்த ஊர்க் கோயில் லாரன்ஸ் பெயரில் இருப்பது. லூத்தருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. சீர்திருத்தம் வந்தபோது வழிபாடுதான் மாறியது, பெயர் மாறவில்லை. அதைத்தான் கடல் கடந்து கொண்டுபோனார்கள்.

கொள்கையும் குறுக்கே நிற்கவில்லை. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 21ஆம் பிரிவில், புனிதர்களை நினைவுகூர்ந்து அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றலாம் என்கிறது. அவர்களிடம் உதவி கேட்பதைத்தான் மறுக்கிறது. ஆனாலும் இந்தப் பெயருக்கு இறையியலைவிட ஊர்ப்பாசமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. புது ஊருக்கே 'ஃபிராங்கோனியரின் துணிவு' என்று பொருள்படப் பெயர் வைத்தவர்கள் அல்லவா!