பட்டியலுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு: கடாரமும் உலக மரபுடைமை உடன்படிக்கையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்னும் பழங்கோயில் இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்த இயந்திரங்கள் ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை சொல்லப்பட்ட அந்தக் கோயிலின் அடித்தளத்தையும் வாரிக்கொண்டு போயின. நிலம் தனியாருடையது, மரபுடைமைத் தலமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்டை மாநிலமான பேராவின் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. இரண்டு பள்ளத்தாக்குகளிலும் அண்மைக் காலத்தில் அகழாய்வு நடத்தியவர்கள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள். நாடும் ஒன்று, சட்டமும் ஒன்று. முடிவு மட்டும் வேறாகியது ஏன்?

உலக அமைப்பு கைவிட்டுவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு உடன்படிக்கையின் அமைப்பையே தவறாகப் புரிந்துகொள்வது. 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா 1988இல் இணைந்தது. ஒரு தலத்தை முன்மொழியும் உரிமை உறுப்பு நாட்டுக்கு மட்டுமே உண்டு. பண்பாட்டுத் தலமாயின் இக்கோமாஸ் என்னும் பன்னாட்டு வல்லுநர் அமைப்பு அதை மதிப்பிடும். 21 நாடுகள் கொண்ட குழு முடிவெடுக்கும். காக்கும் பொறுப்பு முதன்மையாக அந்தந்த நாட்டினுடையதே என்று நான்காம் பிரிவு சொல்லிவிடுகிறது. மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டப்படியோ நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் மாநில நிலத்தில் உள்ள ஒரு தலத்தை அறிவிக்க மாநில அரசின் இசைவை வேண்டி நிற்கிறது. ஆகவே யுனெஸ்கோவின் தலைமையகமான பாரிஸில் முடியும் பயணம் மாவட்ட நில அலுவலகத்தில் தொடங்குகிறது. அங்கே கோப்பு நகராவிட்டால் பாரிஸுக்குத் தெரிய வழியில்லை.

கெடாவுக்கு இந்தப் பாதை அறியாததும் அன்று. சுல்தான் அப்துல் ஹமீட் காலத்துக் கடிதத் தொகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. லங்காவி 2007இல் உலகப் புவிப்பூங்காவாக ஏற்கப்பட்டது. அரசரின் கடிதங்களுக்கும் தீவின் பாறைகளுக்கும் கிடைத்த அக்கறை பூஜாங் பள்ளத்தாக்கின் ஜெராய் மலையடிவாரத்துச் செங்கற்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அந்தச் செங்கற்கள் எதைச் சொல்கின்றன? பிரித்தானியத் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இங்கே தோண்டி முப்பது தலங்களுக்கு எண் இட்டார்கள். எட்டாம் எண்ணான புக்கிட் பத்து பகாட் சண்டியை அலாஸ்டேர் லேம்ப் 1960ஐ ஒட்டி மீட்டமைத்தார். அடித்தளத்தில் புதைத்த கல் பேழைகள் அங்கே கிடைத்தன. நம் கோயில் மரபில் கர்ப்பநியாசம் என்று வழங்குவதோடு அவற்றை ஒப்பிடலாம். 2009 முதல் சுங்கை பத்துவில் இரும்புருக்கு உலைகளும், துருத்தியிலிருந்து உலைக்குக் காற்றைக் கொண்டுசென்ற சுடுமண் குழாய்களும், படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைக் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகும் கணிப்புகள் விவாதத்துக்கு உரியவை. இரும்பு இங்கே பேரளவில் உருக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

கெடாவைப் பழந்தமிழ் கடாரம் என்று அழைத்தது. தமிழ் வாசகர் கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் படையெடுப்பையே நினைக்கிறார். நான் இதை ஒரு குறையாகவே காண்கிறேன். அந்தப் போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் கொடையாக அளித்ததை லெய்டன் செப்பேடுகள் பதிவு செய்கின்றன. சங்க நூலான பட்டினப்பாலை சொல்லும் காழகத்தைக் கடாரம் என்றே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கிறார். வணிகமும் அறக்கொடையும் முதலில் வந்தவை. போர் பின்னால் வந்தது. பௌத்தமும் சைவமும் உள்ளூர் உலைக்களமும் ஒன்றாகக் கலந்த இந்த இடத்தைச் சோழ வெற்றியின் எச்சமாகச் சுருக்கினால், எல்லா மாந்தர்க்கும் உரிய மதிப்பு என்ற உடன்படிக்கையின் அளவுகோலை நாமே கைவிட்டவர்களாவோம். இந்தப் பழமையை நாட்டு வரலாற்றின் ஓரத்தில் வைப்போரிடமும் அந்தக் குறை உண்டு.

உடன்படிக்கையில் அதிகம் பேசப்படாத இரண்டு பிரிவுகள் இங்கே முக்கியமானவை. பட்டியலில் இல்லை என்பதனால் ஒரு தலத்துக்கு உலகளாவிய மதிப்பு இல்லை என்று கொள்ளலாகாது என்கிறது 12ஆம் பிரிவு. கல்வி வழியாக மக்களிடம் மரபுடைமை மீதான மதிப்பை வளர்க்க உறுப்பு நாடுகள் முயலவேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: கற்பிக்கும் கடமை பட்டியலில் ஏறிய தலங்களோடு நின்றுவிடுவதில்லை. பூஜாங் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அந்தக் கடமை இன்றே நடைமுறையில் இருக்கவேண்டியது.

கற்பிக்கும் இடமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவை. தொடக்கக் காலத்தில் கங்காணியோ கிராணியோ ஒரு கொட்டகையில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததும் உண்டு. 1951இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாகத் தேசியப் பள்ளிகளை முன்வைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1953இல், கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே நன்று என்று யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டது. பால்மரம் சீவியவர்கள் தங்கள் பள்ளியைக் காத்துக்கொண்டது உலக அமைப்பின் ஆணையால் அன்று. அந்தக் கருத்து அவர்கள் பக்கம் நின்றது என்பது மட்டும் உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பள்ளிகளும் நகரோரம் பெயர்ந்தன. லயத்து வீடுகள் மறைந்தன. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படையும், 1947இல் காவல்துறையோடு நேர்ந்த மோதலும் இதே மண்ணின் வரலாறு. பதினோராம் எண் சண்டியைப் போலவே அவற்றுக்கும் எந்தப் பட்டியலும் காவலாக இல்லை.

இந்த நிலையில் செய்யக்கூடியது மிகச் சிறியது, ஆனால் உடனடியானது. நான்காம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளியில் வரலாறு ஒரு பாடம். மெர்போக் தொல்லியல் அருங்காட்சியகம் 1980 முதல் இருக்கிறது. எட்டாம் எண் சண்டி அதன் வளாகத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு பள்ளியும் வேல்ஸின் எண்களில் ஒன்றைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் அந்த இடத்துக்குப் போய் வரைபடம் வரையட்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அரசிதழில் அறிவிப்பு உண்டா என்று கேட்டு எழுதட்டும். அவ்வட்டாரத் தோட்டத்தில் பால் சீவிய முதியவர்களின் நினைவுகளையும் அதே ஏட்டில் பதியட்டும். பதினோராம் எண்ணை எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கு வரைய அடித்தளம் இருக்காது. அந்த வெற்றிடத்தையும் அவர்கள் அளந்து வரையவேண்டும்.