கட்டளையாகாத வேண்டுகோள்: விருப்பக் கடிதத்தின் வரலாறு

உயிலோடு ஒரு விருப்பக் கடிதத்தையும் எழுதிவைப்பது இன்று இங்கிலாந்தில் பரவலான நடைமுறை. சொத்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதை உயில் சொல்லும். எதை மனத்தில் வைத்துப் பங்கிட வேண்டும் என்பதைக் கடிதம் சொல்லும். ஆனால் கடிதம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. சட்டத்தின் பார்வைக்குத் தப்பிப் பிழைத்த பழைய பழக்கம் இது என்று நினைக்கத் தோன்றும். வரலாறு காட்டுவது வேறு. இறந்தவரின் வேண்டுகோளைக் கட்டளையாக இறுக்கிய சட்டமே பின்னாளில் பிடியைத் தளர்த்தியது. அதனால்தான் இக்கடிதத்துக்கு இடம் கிடைத்தது.

பழைய ரோமில் வேண்டுகோளுக்கு நாணயத்தைத் தவிர வேறு காவல் இல்லை. கி.மு. 169இல் வந்த வோகோனியச் சட்டம், பெருஞ்செல்வர்கள் பெண்களை வாரிசாக நியமிப்பதைத் தடுத்தது. ஆகவே நண்பரை வாரிசாக்கி, சொத்தை மகளிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். இதில் என்ன நடக்கலாம் என்பதற்குச் சிசரோ இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருக்கிறார். ஃபாடியஸ் இந்த வேண்டுகோளைத் தம் உயிலிலேயே குறிப்பிட்டிருந்தும், அப்படி எதுவும் கேட்கப்படவில்லை என்று சாதித்தார் அவர் வாரிசாக்கிய செக்ஸ்டிலியஸ். சட்டத்தை மீறத் துணியமாட்டேன் என்ற சாக்கும் அவரிடம் தயாராக இருந்தது. சொத்து அவரிடமே தங்கிவிட்டது. பிளோடியஸ் வாரிசாக்கிய பெடுகேயஸோ, தம்மிடம் கேட்கப்பட்டது வேறு எவருக்கும் தெரியாதபோதும், பிளோடியஸின் மனைவியைத் தேடிப் போய் விவரம் சொல்லி, எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அகஸ்டஸ் காலத்தில் நிலைமை மாறியது. ஆப்பிரிக்காவில் உயிர்விட்ட லென்டுலஸ், உயிலுக்கு இணைப்பாக எழுதிய குறிப்பில் பேரரசரிடமே ஒரு காரியத்தைக் கேட்டிருந்தார். அகஸ்டஸ் அதை நிறைவேற்றினார். டிரெபாட்டியஸ் போன்ற சட்ட அறிஞர்களைக் கலந்து, இத்தகைய குறிப்புகள் செல்லும் என்றும் ஏற்றார். சில வேண்டுகோள்களை நிறைவேற்றித்தரக் கான்சல்களுக்கு உத்தரவிட்டார். பிறகு இதற்கென்றே நீதிபதிகள் வந்தார்கள். அதற்குப் பின் வேண்டுகோள் என்பது பெயரளவில்தான்.

இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றமும் இதே வழியில்தான் நடந்தது. 1739இல் முடிந்த ஹார்டிங் எதிர் கிளின் வழக்கில், மனைவிக்குச் சொத்தை எழுதியவர், அவள் தன் இறப்புக்குள் அதைத் தம் உறவினரில் தகுதியானவர்களுக்குத் தர வேண்டும் என்று விரும்பியிருந்தார். அது சட்டப்படி நிறைவேற்றத்தக்க பொறுப்பு என்றது நீதிமன்றம். இப்படியே போனதில், மனைவிமேல் வைத்த நம்பிக்கையைச் சொல்லும் வார்த்தையே அவள் கையைக் கட்டும் கயிறாயிற்று. 1871இல் லாம்ப் எதிர் ஈம்ஸ் வழக்கில் நீதிபதி ஜேம்ஸ் இந்தப் போக்கை வெளிப்படையாகவே சாடினார். 1884இல் ஆடம்ஸ் வழக்கு இந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது: பிள்ளைகளுக்கு நியாயம் செய்வாள் என்ற முழு நம்பிக்கையோடு மனைவிக்கு எழுதப்பட்ட சொத்து, நிபந்தனையின்றி அவளுக்கே உரியதாயிற்று. விருப்பக் கடிதத்தின் உண்மையான தொடக்கம் இங்கேதான் என்பேன்.

அப்படியானால் செக்ஸ்டிலியஸ்களுக்குத்தானே கொண்டாட்டம் என்று கேட்கலாம். வெறும் வேண்டுகோளை மட்டும் நம்பினால் அப்படித்தான். ஆனால் இன்றைய கடிதம் பெரும்பாலும் விருப்புரிமை அறக்கட்டளையின், அதாவது யாருக்கு எவ்வளவு என்பதைப் பொறுப்பாளர்களே முடிவுசெய்யும் அறக்கட்டளையின், பொறுப்பாளர்களுக்கு எழுதப்படுகிறது. சொத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ள அவர்களால் முடியாது. அந்தப் பூட்டை உயிலே போட்டுவிடுகிறது. பயனாளிகள் எல்லோரையும் பட்டியலிட முடியாத விரிந்த வட்டத்துக்கும் இத்தகைய அறக்கட்டளை செல்லும் என்று 1970இல் மெக்ஃபெயில் எதிர் டோல்டன் வழக்கில் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. வட்டம் விரிய விரிய, யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்லக் கடிதம் தேவைப்பட்டது. அப்படியும், கடிதம் பயனாளிகளுக்குக் காட்டப்படாதபோது மறைவில் அநீதி நடக்கலாம் என்ற எதிர்ப்பை எளிதில் தள்ள முடியாது. 2008இன் பிரேக்ஸ்பியர் வழக்கில் நீதிபதி பிரிக்ஸ், கடிதத்தைக் காட்டுவதும் மறைப்பதும் பொதுவாகப் பொறுப்பாளர்களின் முடிவு என்றார். ஆனால் அந்த வழக்கில் காட்டும்படியே உத்தரவிட்டார்.

இந்தியாவில் விருப்பக் கடிதம் எழுதுவோர் வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 64ஆம் பிரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பே எழுதப்பட்ட ஒரு தாளைத் தம் எண்ணத்தின் ஒரு பகுதி என்று உயிலில் சுட்டினால், அந்தத் தாளும் உயிலின் பகுதியாகிவிடும்.