பயண நிறுவனங்களின் வீழ்ச்சியும் பத்துமலைக்கான வழிகளும்

முன்னுரை

தமிழர் வாழ்வில் நெடும்பயணம் என்பது பல நூற்றாண்டுகளாக வழிபாட்டோடும் வணிகத்தோடும் பிணைந்தே வந்துள்ளது. ஊர் காண்பதற்கென்றே பொருள் செலவிட்டுப் புறப்படும் சுற்றுலா பிற்காலத்து வழக்கமாகும். எனினும் மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது எளிதன்று. கிள்ளானிலிருந்து தமிழகம் செல்லும் குடும்பம் உறவினரைக் காண்பதோடு பழனிக்கும் திருச்செந்தூருக்கும் சென்று வர விரும்புகிறது. தமிழகத்திலிருந்து கோலாலம்பூருக்கு வரும் குடும்பமோ இரட்டைக் கோபுரத்தைக் காணும் அதே நாளில் பத்துமலைப் படிகளிலும் ஏறுகிறது.

இத்தகைய பயணங்கள் யாவும் ஏதேனும் ஒரு நிறுவனத்தை நம்பியே நடைபெறுகின்றன. பயணி பல திங்களுக்கு முன்பே பணத்தைச் செலுத்துகிறார். சேவையைப் பின்னரே பெறுகிறார். இவ்விடைவெளியில் அந்நிறுவனம் கதவடைத்துவிட்டால் என்ன நேரும்? பயணத்துறை அதனால் சிதைகிறதா? இழப்பு யாரைச் சேர்கிறது? இவ்வினாக்களுக்கு 1985இல் முடிவுற்ற கப்பல் சேவை, 2019இல் வீழ்ந்த தாமஸ் குக் நிறுவனம், 2023இல் நின்றுபோன மைஏர்லைன் ஆகிய மூன்று நிகழ்வுகளின் துணைகொண்டு விடை காண இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

பத்துமலை: தலமும் அதன் வழிகளும்

பத்துமலைச் சுண்ணாம்புக் குகைகளைப் பற்றிய செய்தி, அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹோர்னடே 1878இல் அங்குச் சென்றுவந்து எழுதியதன் வாயிலாக மேலைநாட்டினரிடையே பரவிற்று. அக்குகையில் முருகன் வழிபாட்டை 1891இல் நிலைநாட்டியவர் கா.தம்புசாமி பிள்ளை ஆவார். 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆக, உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் நோக்கத்தில் அத்தலம் தோன்றவில்லை. ஈயச் சுரங்கங்களிலும் இருப்புப் பாதைப் பணிகளிலும் தோட்டங்களிலும் உழைத்த மக்களின் நேர்த்திக்கடனே அதனை வளர்த்தது.

உலகச் சுற்றுலா வரைபடத்தில் பத்துமலை சிறப்பிடம் பெற்றது அண்மைக் காலத்தில்தான். 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006 ஜனவரியில் திறப்பு விழாக் கண்டது. 2010இல் மின்தொடர்வண்டிப் பாதை செந்தூலிலிருந்து பத்துமலை வரை நீட்டிக்கப்பெற்றது. 2018இல் 272 படிகளுக்கும் பல வண்ணங்கள் தீட்டப்பட்ட பின்னர் அப்படிகளே காட்சிப் பொருளாயின. இன்று அங்குக் காவடி ஏந்துவோரும் படக்கருவி ஏந்துவோரும் ஒரே படிகளில் ஏறுகின்றனர். முன்னவர் தலத்தை நாடி வருகின்றனர். பின்னவருள் பலர் பயண நிறுவனம் வகுத்த நிரலின்படி வருகின்றனர். இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது.

கப்பல் வழி முடிவுற்றமை

மலாயாத் தமிழரின் வரலாற்றில் முதற்பெரும் பயண நிறுவனம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமேயாகும். 1856இல் வேறு பெயரில் தொடங்கி 1862இல் இப்பெயரை ஏற்ற அந்நிறுவனத்தின் கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களைப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றோடு இணைத்தன. 1926இல் கட்டப்பெற்ற ரஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. தோட்டப்புறங்களில் பிறந்த முதியோர் பலர் தம் பெற்றோர் வந்த கப்பலாக இன்றும் அதன் பெயரையே கூறுவர்.

1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் கப்பலில் வந்தோரின் தன்மை மாறிற்று. ஆள்கட்டிக் கொணரப்பட்ட கூலிகளுக்கு மாறாக, சொந்தச் செலவில் ஊர் சென்று திரும்புவோரும் சிறு வணிகரும் மேல்தட்டுப் பயணிகளாயினர். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். திறந்த தட்டில் பாய் விரித்துப் படுக்கை. பெட்டி பெட்டியாகச் சரக்கு. வசதி குறைவெனினும் கட்டணம் ஏழைக்கு எட்டியது.

ரஜுலா ஓய்வு பெற்ற காலத்தில் இந்தியக் கப்பற் கழகத்தின் சிதம்பரம் கப்பல் இவ்வழியில் சேவையாற்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதன் பின்னர் இவ்வழியில் முறையான பயணியர் கப்பல் சேவை மீண்டும் நிலைபெறவில்லை. நிறுவனம் நொடித்துப்போகவில்லை என்பது உண்மையே. அரசுக் கழகமாதலின் அது தொடர்ந்து இயங்கியது. ஆயினும் பயணியின் நிலையிலிருந்து நோக்கின், ஒரே கப்பலை நம்பியிருந்த வழி ஒரே நாளில் அற்றுப்போயிற்று.

விளைவு யாது? இரு நாடுகளுக்கும் இடையிலான போக்குவரவு நின்றுவிடவில்லை. விமானம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் பயணம் செய்வோரின் வகை மாறிற்று. மூட்டை முடிச்சோடு சென்ற சிறு வணிகர்க்கு விமானத்தின் எடை வரம்பு பெருந்தடையாயிற்று. விமானக் கட்டணத்திற்குச் சேமிக்க இயலாத தோட்டத் தொழிலாளர்க்கு ஊர்ப்பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதாகவோ, வாய்க்காததாகவோ ஆயிற்று. மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பின்னரே இந்நிலை தளர்ந்தது. 2008 இறுதியில் ஏர் ஆசியா கோலாலம்பூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே பறக்கத் தொடங்கியது இவ்வகையில் ஒரு திருப்பமாகும். கப்பல் நின்றதற்கும் இதற்கும் இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. வழி மீண்டும் திறந்தது. ஆனால் அதற்காகக் காத்திருந்தோருள் ஒரு தலைமுறையினர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

தாமஸ் குக்: 178 ஆண்டுகளின் முடிவு

தற்காலக் குழுச் சுற்றுலாவின் முன்னோடி எனத் தாமஸ் குக்கைக் கூறுவது மரபு. மது விலக்கு இயக்கத்தவரான அவர் 1841 ஜூலை 5இல் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தொடர்வண்டியில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். வழிபாட்டுப் பயணத்தோடும் அந்நிறுவனத்திற்குத் தொடர்பிருந்தது. 1886இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் பயணிகளை மெக்காவுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அதனிடமே ஒப்படைத்தது. எனினும் பத்தாண்டுகள் நிறைவதற்குள் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

2019 செப்டம்பர் 23இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது. 2007இல் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்ததால் ஏறிய கடனும், பயணிகள் இணையத்தின் வழியே தாமே முன்பதிவு செய்துகொள்ளும் பழக்கமும் அதனை நலிவுறச் செய்தன. ஏறத்தாழ 6 இலட்சம் பயணிகள் அன்று வெளிநாடுகளில் இருந்தனர்; 21,000 ஊழியரின் வேலை கேள்விக்குறியாயிற்று. கிரீஸ், ஸ்பெயின், துருக்கி முதலிய நாடுகளின் விடுதிகள் கோடைக்காலம் முழுதும் விருந்தினரை ஏற்றுவிட்டுத் தமக்குரிய பணத்தைப் பெறாமல் நின்றன. இந்தியாவில் கோவாவுக்கு அந்நிறுவனம் இயக்கிய தனி விமானங்களும் நின்றன.

ஆனால் இந்தியாவில் இயங்கும் தாமஸ் குக் நிறுவனம் வீழவில்லை. 2012 முதல் அது கனடா நாட்டு ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்தின் உடைமையாக இருந்ததே காரணம். பெயர் ஒன்று, உடைமை வேறு. பயணிகள் பெயரை நம்பியே பணம் செலுத்துகின்றனர். அப்பெயருக்குப் பின்னுள்ள கணக்கேட்டை அவர்கள் காண்பதில்லை என்னும் உண்மையை இந்நிகழ்வு நன்கு புலப்படுத்துகிறது.

பிரித்தானியப் பயணிகள் ஏறத்தாழ 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் தாயகம் திரும்ப அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் விமானங்களை ஏற்பாடு செய்தது. இது தற்செயலான கருணையன்று. 1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் என்னும் நிறுவனம் கோடையின் நடுவே வீழ்ந்தபோது பல்லாயிரவர் அயல்நாடுகளில் தவித்தனர். அப்பட்டறிவின் பயனாக 1975இல் சட்டத்தின் வழியே காப்பு நிதியொன்று ஏற்படுத்தப்பெற்றது. ஒவ்வொரு பயணத்தின் விலையிலும் சிறு தொகை அந்நிதிக்குச் செல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஒரு தலைமுறையின் துன்பம் அடுத்த தலைமுறைக்குக் காப்பாயிற்று எனலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறிவு

மலேசியாவில் இத்தகைய வீழ்ச்சி 2023இல் நேர்ந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தைத் தளமாகக் கொண்ட மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி, 2023 அக்டோபர் 12இல் திடீரெனச் சேவையை நிறுத்திற்று. ஓராண்டுகூட நிறைவுறவில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் பயணிகள் பாதிக்கப்பட்டனர். அவர்கள் செலுத்திய தொகை 20 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. கடன் அட்டையில் செலுத்தியோர் தத்தம் வங்கியின் வழியே பணத்தை மீட்க முயலலாயினர். பிற விமான நிறுவனங்கள் சலுகைக் கட்டணத்தில் இருக்கைகள் வழங்கியது சிலருக்கு உதவிற்று. ஆனால் அச்சலுகைக்கும் பயணி மீண்டும் பணம் செலுத்த வேண்டியிருந்தது.

நாட்டின் சுற்றுலாத்துறை இதனால் தாழ்வுற்றதா? இல்லை. 2019இல் 26.1 மில்லியனாக இருந்த வருகையாளர் தொகை 2020இல் 4.3 மில்லியனாகச் சரிந்தது. 2024இல் அது மீண்டும் 25 மில்லியனை எட்டிற்று. இந்தியாவிலிருந்து 2019இல் 7 இலட்சத்து 35 ஆயிரம் பேர் வந்தனர். 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா தேவையில்லை என அரசு அறிவித்தது இவ்வருகையை மேலும் ஊக்கிற்று. எல்லை மூடலும் விசா விதியும் பயணியர் பெருக்கை நிறுத்தவும் நடத்தவும் வல்லவை. ஒரு தனி நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு அத்துணை ஆற்றல் இல்லை.

பத்துமலையே இதற்குச் சான்று. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அடிவாரத்தின் உணவகங்களும் பூக்கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் வாழ்விழந்தன. 2021 தைப்பூசத்தில் காவடிகளுக்கும் பக்தர் திரளுக்கும் இடமின்றி வெள்ளி இரதம் ஒரு சிலருடன் சென்றது. ஆயினும் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் முதலில் திரும்பியோர் உள்நாட்டுப் பக்தரே. அவர்களை எந்த நிறுவனமும் அழைத்து வரவில்லை. நேர்த்திக்கடனுக்கு முகவர் தேவையில்லை.

இழப்பு யாருடையது?

நிறுவனம் வீழ்ந்தால் தலம் வீழ்வதில்லை. வழியும் காலப்போக்கில் வேறொருவர் கைக்கு மாறுகிறது. ஆகவே பேரெண்களை மட்டும் நோக்குவோர் பெரும்பாதிப்பு ஒன்றுமில்லை என முடிவு கட்டக்கூடும். அம்முடிவு முழுமையானதன்று. சராசரிக் கணக்கில் மறைந்துபோகும் இழப்பு குறிப்பிட்ட சிலரிடம் முழுச்சுமையாகத் தங்கிவிடுகிறது.

நொடித்த நிறுவனத்தின் சொத்திலிருந்து ஈடுடைய கடன்காரர் முதலில் பெறுகின்றனர். முன்பணம் செலுத்திய பயணியோ ஈடற்ற கடன்காரர் வரிசையில் நிற்கிறார். 2021இல் ஏர் ஆசியா எக்ஸ் கலைப்பைத் தவிர்த்து மறுசீரமைப்பை மேற்கொண்டபோது கடன் தந்தோர்க்கு அரை விழுக்காடே கிட்டிற்று. பயணச்சீட்டு வைத்திருந்தோர்க்குப் பணத்திற்குப் பதிலாக எதிர்காலப் பயணத்திற்கான வரவு வழங்கப்பட்டது. பெருவங்கி இத்தகைய இழப்பைத் தன் இலாபக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளும். அறுபடை வீடுகளுக்குச் செல்ல மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேமித்த ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சிறு முகவர்களின் நிலையும் கடினமே. அவர்கள் பயணியிடம் பெற்ற பணத்தை விமான நிறுவனத்திடம் செலுத்திவிடுகின்றனர். நிறுவனம் நின்றுபோனால் பயணி முதலில் வந்து நிற்பது முகவரின் வாசலில்தான்.

மலேசியாவில் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத்தொழில் சட்டம் முகவர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. விமானப் பயணிகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016இல் நடப்புக்கு வந்தது. உரிமம் தகுதியற்றவரைத் தடுக்கும். விதித்தொகுப்பு இயங்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் கருவூலம் வெறுமையான நிறுவனத்திடம் உரிமையைக் கோரிப் பயனில்லை என்பதை 2023ஆம் ஆண்டின் நிகழ்வு காட்டிவிட்டது. நிறுவனத்தின் கைக்கு எட்டாத தனி நிதியே அந்நிலையில் பயணிக்குத் துணையாகும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று நிகழ்வுகளும் மூன்று வகையின. கப்பல் தீக்கு இரையாயிற்று. பழம்பெரும் நிறுவனம் கடனில் மூழ்கிற்று. இளம் நிறுவனம் முதலீடு இன்றி நின்றது. காரணங்கள் வேறாயினும் விளைவின் போக்கு ஒன்றே. பயணத்துறை மீண்டெழுகிறது, எளிய பயணி மீண்டெழ நெடுங்காலம் ஆகிறது. 1974இன் துன்பத்திலிருந்து பிரித்தானியா ஒரு காப்பு நிதியைப் படைத்துக்கொண்டது. 1985இல் கப்பலை இழந்த நம் முன்னோர் அத்தகைய படிப்பினையைப் பதிவு செய்யவோ கோரவோ வாய்ப்பின்றி இருந்தனர்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கப்பற் பயணத்தை நினைவுகூரக்கூடிய முதியோர் இன்னும் உள்ளனர். அவர்தம் பட்டறிவைத் தொகுத்தல் நம் கல்வித்துறையின் உடனடிக் கடமையாகும். முன்பணத்தைக் காக்கும் நிதியொன்றைச் சட்டத்தின் வழியே அமைக்குமாறு வலியுறுத்துதல் பொது அமைப்புகளின் கடமையாகும். பத்துமலையின் 272 படிகளையும் ஏறுவோர் தம் உழைப்பால் ஏறுகின்றனர். அப்படிகள் வரை வந்து சேர்வதற்கும், அங்கிருந்து பழனி வரை சென்று மீள்வதற்கும் அவர்கள் ஒப்படைக்கும் பணம் காக்கப்பட வேண்டும் என்பதே வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தியாகும்.