வாயேஜர்களின் சிக்கன வரலாறு

வாயேஜர் என்றதும் வியாழனின் செம்புள்ளியும் சனியின் வளையங்களும்தான் பலருக்கும் நினைவில் எழுகின்றன. அவ்விரு விண்கலங்களின் கதையைச் சொல்வோரும் பெரும்பாலும் 1989-இல், நெப்டியூனைக் கடந்ததோடு, முடித்துவிடுகின்றனர். நாம் இங்கே பேச விரும்புவது அதற்குப் பிந்தைய கதையை. அவை எவற்றைக் கண்டன என்பதைவிட, எவற்றையெல்லாம் அணைத்துவிட்டு உயிர்த்திருந்தன என்பதே நமக்கு வியப்பளிக்கிறது.

1977 ஆகஸ்ட் 20-இல் வாயேஜர் 2, செப்டம்பர் 5-இல் வாயேஜர் 1 எனப் புறப்பட்டன. (பின்னால் கிளம்பியது விரைவான பாதையில் முந்திச் செல்லும் என்பதால் அதற்கு முதலெண்.) ஒவ்வொரு கலத்திலும் மூவகைப் பணிகளுக்கு இரண்டிரண்டாக ஆறு கணினிகள். அவற்றின் மொத்த நினைவகம் ஏறத்தாழ 70 கிலோபைட். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படம்கூட அதில் கொள்ளாது. புளூட்டோனியம் சிதையும் வெப்பத்தை மின்சாரமாக்கும் மூன்று மின்னாக்கிகள் தொடக்கத்தில் சுமார் 470 வாட் தந்தன. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் வீதம் குறைந்துவருகிறது. வருவாய் ஆண்டுதோறும் சுருங்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயேஜர் 1 முதலில் இழந்தவற்றுள் கண்ணும் ஒன்று. 1990 பிப்ரவரி 14 அன்று திரும்பிப் பார்த்துச் சூரியக் குடும்பத்தை 60 படங்களாக எடுத்தது. பூமியை வெளிர்நீலப் புள்ளியாக நாம் கண்டது அதில்தான். அன்றே கேமராக்கள் நிறுத்தப்பட்டன. அருகில் பார்க்க இனி எதுவுமில்லை.

அடுத்து வெப்பமூட்டிகளின் முறை. 2019-இல் வாயேஜர் 2-இன் காஸ்மிக் கதிர்க் கருவிக்குரிய வெப்பமூட்டி அணைக்கப்பட்டது. மைனஸ் 45 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே சோதிக்கப்பட்டிருந்த அக்கருவி, மைனஸ் 59 டிகிரியிலும் தரவு அனுப்பியது.

ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் உறுப்புகளைத் தேயாமல் காப்பதும் எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை. கலத்தின் அலைவாங்கி பூமியை நோக்கியே இருக்கவேண்டும். அதற்காக த்ரஸ்டர் எனப்படும் சிற்றுந்திகள் நாளொன்றுக்குச் சுமார் 40 முறை இயங்கவேண்டும். எரிபொருள் தொட்டியின் ரப்பர்த் தடுப்பு முதுமையடைந்ததால் தோன்றும் சிலிக்கன் டைஆக்சைடு, அவற்றின் நுண்குழாய்களை அடைத்துக்கொண்டு வருகிறது. வாயேஜர் 1-இல் இதனால் 2002-இல் ஒரு தொகுதியைக் கைவிட்டு இரண்டாவதற்கும், 2018-இல் அதையும் விட்டு மூன்றாவதற்கும் மாறினர். இந்த மூன்றாம் தொகுதி 1980-க்குப் பிறகு 37 ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 2017-இல் சோதித்தபோது உடனே பணிந்தது. 2024-க்குள் அதிலும் 0.25 மில்லிமீட்டர் குழாய் 0.035 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. மீண்டும் பழைய தொகுதிக்கே திரும்பவேண்டும். ஆனால் சிக்கனத்துக்காக வெப்பமூட்டிகள் அணைக்கப்பட்ட கலம் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த உந்தியை அப்படியே இயக்கினால் அது பழுதாகலாம். சூடேற்றவோ மின்சாரம் இல்லை. ஏதேனும் ஓர் ஆய்வுக் கருவியை நிறுத்தலாம்தான், அது மறுபடி விழிக்கும் என்று உறுதிகூற எவருமில்லை. இறுதியில், முதன்மை வெப்பமூட்டிகளுள் ஒன்றை ஒரு மணி நேரம் வரை மட்டும் நிறுத்தி, அம்மின்சாரத்தால் உந்திகளைச் சூடேற்றினர். ஆகஸ்ட் 27-இல் அவை இயங்கின. கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல், விடை வர மீண்டும் அவ்வளவு நேரம் என்பதை மறவாதீர்கள்.

சிக்கனம் மனிதர் கையில் மட்டும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு வெப்பமூட்டியை இயக்கச் சொன்னபோது, வாயேஜர் 1 தன் பாதுகாப்பு நிரலின்படி வழக்கமான ஒலிபரப்பியை அணைத்துவிட்டு, 1981-க்குப் பிறகு பயன்படுத்தாத, குறைந்த மின்சாரம் கொள்ளும் மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொண்டது. பூமியில் இருந்தவர்கள் அந்த மெல்லிய குரலைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

ஆயினும் கருவிகளை இழப்பதைத் தவிர்க்க முடியவில்லை. 1972 முதல் 50 ஆண்டுகள் வாயேஜரின் தலைமை அறிவியலாளராக இருந்த எட்வர்ட் ஸ்டோன் 2024 ஜூனில் மறைந்தார். அவர் நெடுங்காலம் பொறுப்பேற்றிருந்த காஸ்மிக் கதிர்க் கருவி, வாயேஜர் 1-இல் 2025 பிப்ரவரி 25-இல் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் 24-இல் வாயேஜர் 2-இன் குறையாற்றல் மின்துகள் கருவியின் முறை வந்தது. அதைச் சுழற்றும் மோட்டாரை, சனிக்கோளைக் கடக்கும் வரை உழைத்தால் போதும் என்று 5 லட்சம் அடிகளுக்கே சோதித்து அனுப்பியிருந்தனர். நிறுத்தப்பட்டபோது அது 85 லட்சம் அடிகளைத் தாண்டியிருந்தது. பழுதாகி நிற்கவில்லை, மின்சாரம் போதாமல் நிறுத்தினார்கள்.