கொப்பியும் சப்பாத்தும்: ஈரானியப் பிள்ளைகளின் படங்கள் எங்கிருந்து வந்தன?

ஈரானியப் படங்களைப் பற்றி எங்கட வயசுக்காரரோடு கதைத்தால் முதலில் வருகிற பெயர் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’. ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கச்சியும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற கதை. அதற்கு அடுத்து வருகிற சொல் பெரும்பாலும் ‘கியூட்’. ஒரு கொப்பி, ஒரு தங்கமீன், ஒரு சோடிச் சப்பாத்து. இதுக்காக ஒரு பிள்ளை படம் முழுக்க ஓடும். நாங்கள் சிரிப்போம், கொஞ்சம் அழுவோம், பிறகு லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்துவிடுவோம்.

லீவுக்கு வீட்டில இருந்து பார்க்க மனசுக்கு இதமான படம் ஏதும் இருக்கா எண்டு கேட்கிறவர்களுக்கு நாங்களும் இந்தப் படங்களைத்தான் சொல்லுவோம். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது. ஒரே நாட்டில், முப்பது வருடத்துக்குள், பிள்ளைகளை நடுவில் வைத்து இத்தனை நல்ல படங்கள் எப்படி வந்தன?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், தணிக்கை. 1979 புரட்சிக்குப் பிறகு பெரியவர்களின் காதலையும் அரசியலையும் காட்ட முடியாமல் போனதால் இயக்குநர்கள் பிள்ளைகளிடம் போனார்கள் எண்டு சொல்வார்கள். இதில் பாதி உண்மை. ஆனால் இந்த வரிசையின் முதல் படங்களில் ஒன்று வந்தது 1970இல், புரட்சிக்கு ஒன்பது வருடத்துக்கு முதல். அப்படியெண்டால் கதை வேறெங்கோ தொடங்குகிறது. அது தொடங்கியது நூலகத்தில்.

நூலகத்திலிருந்து வந்த சினிமா

1960களின் நடுப்பகுதியில் தெஹ்ரானில் சிறுவர்களுக்கும் இளையோருக்குமென ஒரு நிறுவனம் உருவானது. அதன் பெயர் நீளமானது. எல்லோரும் சுருக்கமாக ‘கானூன்’ என்பார்கள். அதை நடத்திய லிலி அமீர்-அர்ஜுமந்த், அப்போதைய அரசி ஃபாராவின் தோழி. அரசியின் ஆதரவில் சிறுவர் நூலகங்கள் திறக்கப்பட்டன. கிராமங்களுக்கு நடமாடும் நூலகங்கள் போயின. பிறகு கானூன் தானே புத்தகம் போடத் தொடங்கியது.

அப்படி 1968இல் வந்த புத்தகம் சமத் பெஹ்ரங்கியின் ‘சின்னக் கறுப்பு மீன்’. ஓடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க விரும்பாமல், கடல் எப்படியிருக்கும் எண்டு பார்க்கப் புறப்படுகிற ஒரு குஞ்சு மீனின் கதை. அஜர்பைஜான் பகுதியின் கிராமங்களில் வாத்தியாராக இருந்தவர் பெஹ்ரங்கி. அதே வருடம் அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். ஷாவின் ஆட்சியை எதிர்த்த இளைஞர்கள் அந்தச் சிறுவர் கதையை அரசியல் கதையாக வாசித்தார்கள். அரசியின் ஆதரவில் இயங்கிய நிறுவனமே அதை வெளியிட்டது என்பதைக் கவனிக்க வேணும். அரசாங்கத்தின் காசில் நடக்கிற ஒரு இடத்துக்குள்ளேயும், பிள்ளைகளுக்குத்தானே எண்டு ஆட்சியாளர்கள் பெரிசாகக் கவனிக்காத ஒரு மூலை இருந்தது.

1970 அளவில் அந்த மூலைக்குள் ஒரு திரைப்படப் பிரிவு வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதுவரை விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த அப்பாஸ் கியாரொஸ்தமி. அவருடைய முதல் குறும்படத்தின் பெயரை எங்கட தமிழில் சொன்னால் ‘பானும் ஒழுங்கையும்’. பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெடியனை ஒழுங்கையில் ஒரு நாய் மறிக்கிறது. அவ்வளவுதான் கதை. நாயைப் பார்த்துத் தயங்கி நிண்ட அனுபவம் உள்ள எவருக்கும் அந்தப் பத்து நிமிடம் விளங்கும்.

அந்தக் காலத்து ஈரானிய வணிகப் படங்களில் சண்டை, பாட்டு, நடனம், அடாவடி நாயகன் எல்லாம் இருந்தன. அவை தியேட்டரில் ஓடிக் காசு உழைக்க வேண்டியவை. கானூன் படங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நட்சத்திரங்கள் வேண்டாம், தெருவில் இருக்கிற பிள்ளையே நடிக்கலாம். செட் போடத் தேவையில்லை; ஒழுங்கையே போதும். பெரிய வில்லனும் வேண்டாம். ஒரு நாயே காணும். நாங்கள் இன்றைக்கு ‘ஈரானியப் படம்’ எண்டு அடையாளம் காண்கிற பல விசயங்கள் இங்கேயே உருவாகிவிட்டன.

1974இல் கியாரொஸ்தமி எடுத்த ‘பயணி’யில் வருகிற பெடியன் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. தெஹ்ரானில் நடக்கிற ஃபுட்போல் மட்ச் பார்க்கக் காசு வேணும். ஃபிலிம் இல்லாத கமராவால் மற்றப் பிள்ளைகளைப் படமெடுப்பது போல நடித்துக் காசு சேர்க்கிறான். ஈரானியப் பிள்ளைகள் எல்லாம் அப்பாவிகள் எண்டு நினைக்கிறவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்.

எரிந்த தியேட்டர்களுக்குப் பிறகு

1978 ஓகஸ்ட் 19ஆம் திகதி அபாதான் நகரத்தில் ரெக்ஸ் தியேட்டர் எரிக்கப்பட்டது. படம் பார்க்கப் போன நூற்றுக்கணக்கானோர் உள்ளே செத்தார்கள். புரட்சி நடந்த மாதங்களில் இன்னும் பல தியேட்டர்கள் எரிந்தன. சினிமா மேற்கத்தியச் சீரழிவின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. 1979இல் ஆட்சி மாறியபோது பழைய நட்சத்திரங்கள் பலருக்குத் திரைக்குத் திரும்பி வர முடியவில்லை. ஈரானில் இனிச் சினிமா இருக்குமா என்பதே கேள்வியாக இருந்தது.

ஆனால் கானூன் தப்பியது. அதன் நிர்வாகம் மாறியது, வேலை நிற்கவில்லை. 1983இல் ஃபாராபி என்ற அரச சினிமா நிறுவனமும் வந்தது. கூடவே விதிகளும் வந்தன. திரையில் பெண்கள் எப்போதும் தலையை மூடியிருக்க வேணும், தன் வீட்டுக்குள் தன் பிள்ளைகளோடு இருந்தாலும் கூட. ஆணும் பெண்ணும் தொட முடியாது, கதையில் கணவன் மனைவியாக இருந்தாலும்.

இந்த விதிகளோடு ஒரு வீட்டின் உள்பக்கத்தை உண்மையாகக் காட்டுவது கஷ்டம். பிள்ளையை நடுவில் வைத்தால் படம் தெருவிலும் முற்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கலாம். பிள்ளை எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், பெரியவர்கள் கேட்க முடியாததைக் கேட்கலாம். தணிக்கை என்ற பதிலில் இருக்கிற பாதி உண்மை இதுதான். தணிக்கை ஒரு வாசலை நோக்கித் தள்ளியது. அந்த வாசலைக் கானூன் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தது.

பார்க்க வேண்டியவை

அமீர் நாதெரியின் ‘ஓடுகிறவன்’, 1980களின் நடுப்பகுதியில் வந்தது, கானூன் தயாரிப்பு. நாதெரி அபாதானில் பிறந்து சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவர். படத்தில் வருகிற அமீரோவும் தனியாள். கைவிடப்பட்ட கப்பல் ஒன்றில் இருக்கிறான். போத்தல் பொறுக்குகிறான், ஐஸ் தண்ணி விற்கிறான், சப்பாத்துத் துடைக்கிறான். எழுத்து வாசிக்கத் தெரியாதது அவனை உறுத்துகிறது. அவன் அரிச்சுவடியைக் கத்திக் கத்திப் படிக்கிற காட்சிகளைப் பார்த்துவிட்டு எங்கட லெக்சர் நோட்ஸைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். 1980இல் தொடங்கிய ஈராக் போரால் அபாதான் முற்றுகைக்குள் போயிருந்தது. அதனால் அந்தத் துறைமுக நகரத்தை வேறு பல ஊர்களின் துண்டுகளைச் சேர்த்துத்தான் படத்தில் உருவாக்கினார்கள்.

கியாரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே?’, 1987. வகுப்பு நண்பனின் கொப்பி தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்டதை அஹ்மத் வீட்டுக்கு வந்துதான் காண்கிறான். நாளைக்கு அந்தக் கொப்பியில் வீட்டுவேலை செய்யாவிட்டால் நண்பனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பாட்டிவிடுவேன் எண்டு வாத்தியார் சொல்லியிருக்கிறார். நண்பன் இருப்பது பக்கத்து ஊரில், வீடு தெரியாது. அம்மாவிடம் எத்தனை தரம் சொன்னாலும் அவ காதில் வாங்குகிறா இல்லை. தாத்தா சிகரெட் வாங்கிவரச் சொல்லி அனுப்புகிறார். அவரிடம் சிகரெட் இருக்கிறது, பெடியன் சொல்வழி கேட்கப் பழக வேணும் என்பதுதான் அவருடைய தேவை. பெரியவர்கள் எவரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. அவன் ஓடுவதற்குக் காரணம் அதுதான். கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் ஓட்டமும் இல்லை, படமும் இல்லை. இந்த வரிசைப் படங்கள் பலதிலும் இதே கணக்குத்தான்.

இதோடு சேர்த்து 1989இல் அவர் எடுத்த ‘வீட்டுவேலை’ என்ற ஆவணப்படத்தையும் பாருங்கோ. தெஹ்ரான் பள்ளிக்கூடம் ஒன்றின் பெடியன்களைக் கமராவுக்கு முன்னால் ஒவ்வொருவராக இருத்திக் கேள்வி கேட்கிறார். தண்டனை எண்டால் என்ன எண்டு எல்லோருக்கும் தெரிகிறது. பாராட்டு எண்டால் என்ன எண்டு பலருக்குத் தெரியவில்லை. எங்கட நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தொடர் விருப்பமானவர்களுக்கு ‘மஜீத்தின் கதைகள்’. ஹூஷங் மொராதி கெர்மானியின் சிறுவர் கதைகளைக் கியூமர்ஸ் பூரஹ்மத் 1990களின் தொடக்கத்தில் ஈரானியத் தொலைக்காட்சிக்காக எடுத்தார். இஸ்ஃபஹான் நகரில் பாட்டியோடு வாழ்கிற ஒரு பெடியன்; வாசிப்புப் பைத்தியம், கணக்கு வராது, கையில் காசு இல்லை, தலைக்குள் மட்டும் ஆயிரம் திட்டம். பாட்டியாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாயார். ஒவ்வொரு கதையும் தனித்தனியாக முடிவதால் ஒரு இரவுக்கு ஒண்டு எண்டு பார்க்கலாம்.

ஜாஃபர் பனாஹியின் ‘வெள்ளைப் பலூன்’, 1995, கியாரொஸ்தமியின் திரைக்கதை. ஈரானியப் புத்தாண்டுக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம்கூட இல்லை. தங்கமீன் வாங்கப் போன சின்னப் பிள்ளையின் காசு தெருவோரக் கம்பிக்குள் விழுந்துவிடுகிறது. கடைசியில் உதவுவது பலூன் விற்கிற ஒரு ஆப்கான் பெடியன். எல்லோரும் புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போன பிறகு கமரா யாரோடு நிற்கிறது எண்டு கவனியுங்கோ. கானில் முதற்படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. 2010இல் பனாஹிக்குச் சிறைத்தண்டனையும் இருபது வருடத்துக்குப் படமெடுக்கத் தடையும் விதிக்கப்பட்டன. தடைக்குள்ளேயும் எடுத்தார். பிள்ளைப் படம் எடுத்த ஆட்கள் அரசியலுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் எண்டு சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’, 1997, இதுவும் கானூன் தயாரிப்பு. ஒஸ்கார் போட்டியின் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் ஈரானியப் படம். இதைத் தழுவித்தான் தமிழில் ‘அக்கா குருவி’ 2022இல் வந்தது. ஏற்கெனவே பார்த்தவர்கள் இந்த முறை தகப்பனைக் கவனித்துப் பாருங்கோ. பள்ளிவாசலுக்காகச் சீனிக்கட்டி உடைக்கும்போது அதில் ஒரு துண்டை எடுத்துத் தன் தேத்தண்ணிக்குப் போடாத மனுசன் அவர். அப்படிப்பட்ட மனுசனிடம் இன்னொரு சப்பாத்துக்குக் காசு கேட்க பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. கதை முழுக்க அந்த மௌனத்தில் நிற்கிறது.

கடைசியாகப் பாஷு

பஹ்ராம் பெய்ஸாயியின் ‘பாஷு, சின்ன அந்நியன்’ படத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1980களின் நடுவில், கானூனுக்காக எடுக்கப்பட்ட படம். போர் முடியும்வரை திரைக்கு வர விடவில்லை. 1988இல் போர் நின்றது, 1989இல் படம் வந்தது.

பாஷு தெற்கே ஹூஸெஸ்தானில் அரபு பேசுகிற, கறுத்த பெடியன். குண்டுவீச்சில் குடும்பம் செத்துப்போக, ஒரு லொறிக்குள் ஏறி ஒளிந்துகொள்கிறான். இறங்குவது வடக்கே, பச்சை வயல்களுக்குள். அங்கே அவனைக் காண்கிற நாயீ என்ற பெண் கீலக்கி பேசுகிறவள். அவனுக்கு அவள் பாஷை விளங்காது, அவளுக்கு அவன் பாஷை விளங்காது. அழுக்கு எண்டு நினைத்து அவனைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்க்கிறாள், நிறம் போகவில்லை. ஊர்ச்சனம் அவனை வீட்டில் வைத்திருக்காதே என்கிறது. அவள் கேட்கவில்லை. இந்த வரிசையில் பிள்ளை சொல்வதைக் கேட்க முயல்கிற பெரிய ஆள் அவள். அவன் பாஷையே தெரியாத ஒருத்தி.

ஊர்ப் பிள்ளைகள் அவனை அடிக்கிற ஒரு இடத்தில், விழுந்து கிடக்கிற பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துப் பாஷு வாசிக்கிறான். ஈரான் எங்கள் எல்லோருடைய நாடு என்ற கருத்தில் ஒரு பாடம், எழுத்துப் பாரசீகத்தில். எல்லோரும் அசந்துபோய் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பாஷை ஒன்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கிறது. அழகான காட்சிதான். ஆனால் 1956க்குப் பிறகான இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்கு அதை அழகு எண்டு மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அரபும் கீலக்கியும் சேர முடியாத இடத்தில் அரசின் பாஷை பாலமாக வருகிறது. அவனுக்கு அந்தப் பாலம் தேவை, அதில் ஏறித்தான் அடியிலிருந்து தப்புகிறான். ஆனால் அவன் தாய் பேசிய பாஷைக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. பெய்ஸாயி இந்த இரண்டையும் ஒரே காட்சியில் வைக்கிறார், தீர்ப்புச் சொல்லவில்லை. படம் முழுக்க நாயீயும் பாஷுவும் நெருங்குவது அந்தப் புத்தகத்தால் அல்ல. சோறு, காய்ச்சல், வயல்வேலை, குருவிச் சத்தம் இவற்றால்தான்.

2009இல் எங்களில் கனபேர் பாஷுவை விடச் சின்னப் பிள்ளைகள். பிளேன் சத்தத்துக்கு ஒரு பிள்ளை ஏன் அப்படிப் பதுங்குகிறது எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஆட்கள் எங்கட வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு பார்ப்பதெண்டால் முதலிலேயே சொல்லிவிட்டுப் பாருங்கோ.

வரிசையாகப் பார்க்க விரும்பினால் ‘பானும் ஒழுங்கையும்’ பார்த்துவிட்டுக் கொப்பிக்குப் போங்கோ, பிறகு பலூன், பிறகு சப்பாத்து. மஜீத்தை இடையிடையே வைத்துக்கொள்ளலாம். பாஷுவுக்கு ஒரு இரவைத் தனியாக ஒதுக்குங்கோ. வீட்டில தம்பி தங்கச்சி இருந்தால் கூட்டிக்கொண்டு இருந்து, சப்டைட்டிலை வாசித்துக் காட்டிப் பாருங்கோ. இடையில அவர்கள் ஏதும் கேட்டால் படத்தை நிற்பாட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கோ.