முதல் சிந்தசைசர்: வயரிலிருந்து நாப் வரை

"முதல்ல எந்த சிந்தசைசர் வாங்கலாம்?" புதுசா இதில் இறங்குகிற எல்லோரும் கேட்கிற கேள்வி. மாடல் பேரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நான் இந்தக் கருவிகளின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது: "புதியவர் கையில் எதைக் கொடுப்பது?" என்ற கேள்விதான் சிந்தசைசரின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் பதிலையும் வரலாற்றிலேயே தேடுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் கட்டை வைத்த எலெக்ட்ரானிக் கருவி எல்லாமே "கீபோர்டு"தான். வீட்டில் பிள்ளைகள் வாசிக்கும் கீபோர்டில் புல்லாங்குழல், வயலின், பியானோ என்று நூற்றுக்கணக்கில் ஒலிகள் தயாராக இருக்கும். எடுத்து வாசிக்க வேண்டியதுதான். சிந்தசைசரில் அந்த ஒலியையே நாம்தான் செய்ய வேண்டும். ஒன்று ஹோட்டல் சாப்பாடு, இன்னொன்று அடுப்படி.

வயர்க் காடு

1964-ல் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ராபர்ட் மூக் என்ற பொறியாளரும் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து ஒரு கருவியைச் செய்தார்கள். அதன் அடிப்படை மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். எதன் வெளியீட்டையும் எதன் உள்ளீட்டிலும் வயர் போட்டுச் செருகலாம், ஏனென்றால் எல்லாமே வோல்ட்தான் பேசுகின்றன.

சாஃப்ட்வேர்க்காரனாக இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். மூக் தன் கருவியை ஆடியோ பொறியாளர்கள் மாநாட்டில் காட்டியது 1964 அக்டோபரில். அதே அக்டோபரில்தான் பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய், புரோகிராம்களைத் தோட்டத்து ஹோஸ் மாதிரி ஒன்றோடொன்று மாட்ட முடியணும் என்று ஒரு குறிப்பு எழுதினார். பின்னால் யூனிக்ஸில் பைப் ஆனது அதுதான். இருவருக்கும் தொடர்பு இல்லை; யோசனை மட்டும் ஒன்று.

ஆனால் வயர் போடாவிட்டால் சத்தமே வராது. விலையும் ஆயிரக்கணக்கான டாலர். பல்கலைக்கழகமோ பெரிய ஸ்டுடியோவோதான் வாங்க முடியும்.

அகமதாபாத்தில் ஒரு மூக்

அப்படிப்பட்ட ஒரு மூக் 1969-ல் இந்தியாவுக்கு வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவிக் கொடுத்தார். 1940களில் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாதுர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் அதில் வேலை செய்தார்கள். கையில் ராக ஞானம், முன்னால் உலகத்திலேயே புது வாத்தியம்.

1972-க்குப் பிறகு அந்த ஸ்டுடியோ அடங்கிப்போனது. அங்கே பதிவான டேப்புகள் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடி எடுத்து, 2023-ல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. ஒரே கருவி, ஒரே அறை, அந்த அறைக்குள் போக முடிந்த சில பேர். அறை மூடியதும் கற்றதெல்லாம் அதோடு நின்றுவிட்டது. யார் கைக்கும் எட்டுகிற கருவி ஏன் முக்கியம் என்று கேட்டால் நான் இந்த டேப்புகளைத்தான் காட்டுவேன்.

வயர் உள்ளே போனது

மூக் கம்பெனிப் பொறியாளர் பில் ஹெம்சாத், மதிய இடைவேளைகளில் மிச்சம்மீதிப் பாகங்களை வைத்து ஒரு சின்னக் கருவியைக் கட்டினார். 1970-ல் அது மினிமூக் ஆனது. வயர்களே கிடையாது. பெரும்பாலானவர்கள் எப்படியும் ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசையில்தான் மாட்டுகிறார்கள். அந்த வரிசையை உள்ளேயே நிரந்தரமாக இணைத்துவிட்டார்கள். பலகையில் இடமிருந்து வலமாகப் படித்தால் ஒலி போகும் பாதை அப்படியே தெரியும். இசைக்கருவிக் கடையில் வைத்து விற்க முடிந்த சிந்தசைசர் இது.

ஜப்பானின் ரோலண்ட் 1982-ல் கொண்டுவந்த எஸ்ஹெச்-101 இன்னும் எளிமை. ஒரே ஆஸிலேட்டர், வரிசையாக ஸ்லைடர்கள், பேட்டரியில் ஓடும், பட்டை போட்டு கிடார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

நாப்கள் காணாமல் போன காலம்

இதற்கு நடுவே 1978-ல் ப்ராஃபெட்-5 வந்தது. செய்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ள அதில் மைக்ரோபிராசசர் இருந்தது. பெரிய வசதிதான். ஆனால் நினைவகம் வந்ததும் தயார் ஒலிகளும் கூடவே வந்தன.

1983-ல் யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்த எஃப்எம் முறை. 6 ஆபரேட்டர்கள், 32 அல்காரிதம்கள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள். அபாரமான கருவி, லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் பலகையில் நாப் இல்லை. இரண்டு வரித் திரை, பட்டன்கள், மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும். விளைவு, பெரும்பாலானவர்கள் கம்பெனி கொடுத்த ஒலிகளோடு நின்றுகொண்டார்கள். எண்பதுகளின் பாட்டுகளில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ திரும்பத்திரும்பக் கேட்பது இதனால்தான்.

சரி, கருவி கையில் இருந்தால் மட்டும் போதுமா? 1982-ல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ஜூபிட்டர்-8, டிஆர்-808, டிபி-303 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். டிபி-303 கிடார்காரர்களுக்கு பேஸ் துணையாகச் செய்யப்பட்டு, விற்காமல் போன கருவி. அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகம் தெரிந்த காதுக்கு அதன் பயன் உடனே பிடிபட்டது. சிகாகோவில் அதே கருவியிலிருந்து ஆசிட் ஹவுஸ் பிறந்தது சில வருஷம் கழித்துத்தான்.

அப்ப எதை வாங்கலாம்?

ஒலி போகும் பாதை கண்ணுக்குத் தெரிகிற கருவியை வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு நாப். மெனு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும் என்றால் கவலை வேண்டாம். நம் இசையில் பாடகருக்கும் ஒரே குரல்தானே. பழைய கருவிகளைத் துரத்த வேண்டியதில்லை. 2013-ல் கோர்க் தன் 1978 மாடல் எம்எஸ்-20ஐச் சின்னதாக மறுபடி கொண்டுவந்தது. வோல்கா வரிசையும் அதே வருஷம் வந்தது. காசே செலவழிக்காமல் பார்க்கணும்னா கம்ப்யூட்டரில் விசிவி ரேக் இருக்கிறது, மூக்கின் வயர்க் காடு அப்படியே திரையில். டிஎக்ஸ்7 வழியைப் பார்க்க டெக்ஸ்ட். இரண்டும் இலவசம்.

வாங்கியபின் முதல் மாதம் இதை மட்டும் செய்யுங்கள். தயார் ஒலிகளைத் தொடாதீர்கள். ஒரே ஆஸிலேட்டர், ரம்ப அலை, ஃபில்டர் முழுக்கத் திறந்து. மெதுவாக மூடிக்கொண்டே வந்து என்ன மறைகிறது என்று கேளுங்கள். அடுத்தது என்வலப்: அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ். கொலம்பியா-பிரின்ஸ்டன் மையத்தின் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி 1965-ல் மூக்கிடம் கேட்டு வாங்கிய யோசனை. அட்டாக்கையும் சஸ்டெய்னையும் பூஜ்யமாக்கி டிகேயை நடுவில் வையுங்கள்: வீணைத் தந்தியை மீட்டினது மாதிரி எழும்பி அடங்கும். அட்டாக்கைக் கொஞ்சம் இழுத்து சஸ்டெய்னை முழுசா ஏற்றினால் அதே அலை ஊதுகிற வாத்தியம் மாதிரி நிற்கும். அலை மாறவே இல்லை, காலத்தில் அதன் போக்குதான் மாறியது. அதன்பிறகு, ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கும் கிளைடு நாபைத் தொடுங்கள்.

பிடித்த ஒலி கிடைத்தால் ஒரு தாளில் ஒவ்வொரு நாபும் எங்கே நிற்கிறது என்று வரைந்து வையுங்கள். நினைவகம் இல்லாத மினிமூக்கை வைத்திருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பத்துத் தாள் சேர்ந்ததும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எந்த நாபை எதற்குத் திருப்புகிறோம் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதன்பிறகு எந்த மாடலை வாங்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.